செங்குத்தில் நான் போட்ட கோடு

எவர்சில்வர் டிபன் டப்பா ஒன்று. மூடியில் அக்காவின் அம்மா பெயர் புள்ளிப் புள்ளியாக வெட்டியிருக்கும். அந்த டப்பாவில் சோறோ தோசையோ இருந்து நான் பார்த்ததே இல்லை. உள்ளே நிறைய சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், புதுச் செருப்புப் பெட்டியிலும் மாத்திரைப் புட்டியிலும் வருமே, அந்தச் சின்ன வெள்ளைப் பொட்டலங்கள். அவற்றின் நடுவே அலுமினியத் தாள் சுற்றிய ஒரு கண்ணாடிக் குப்பி, சுண்டுவிரல் உயரம். அதற்குள் செம்பு நிறத்தில் ஒரு சிட்டிகைப் பொடி. திருவனந்தபுரத்து மழையில், வேதியியல் கட்டடத்திலிருந்து நான் இருந்த கட்டடத்துக்கு முற்றத்தைத் தாண்டி வரும்போது, அக்கா குடையை டப்பாவுக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்து வருவார். "நான் நனைஞ்சா துவட்டிண்டுடலாம். இது நனைஞ்சா போச்சு, கேட்டயா" என்பார். லேப்பில் யார் புதுச் செருப்பு வாங்கினாலும் அந்தப் பொட்டலம் அக்காவுக்குப் போய்விடும். நானும் கொடுத்திருக்கிறேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. அரசாங்க ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் நான் புராஜெக்ட் ஃபெலோவாகச் சேர்ந்தபோது அவர் அங்கே டெக்னிக்கல் அசிஸ்டென்ட். மற்ற எல்லாருக்கும் அவர் சேச்சி. நாகர்கோவிலிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் தொங்கிக்கொண்டு வந்து தம்பானூரில் இறங்குகிற எனக்கு மட்டும் அக்கா. வலியசாலை அக்ரகாரத்தில் பிறந்து அங்கேயே இருப்பவர். கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. நான் பேசுகிற நாஞ்சில் தமிழைக் கேட்டு முதல்நாளே சிரித்துவிட்டார். "இதென்னடா, சண்டைக்கு வராப்பல பேசறே?" என்றார். "உங்க தமிழ் மட்டும் என்ன, பாதி மலையாளம்லா?" என்றேன். அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டோம். மலையாளம் பிடிபடாமல் மதியச் சாப்பாட்டு மேஜையில் வாய் மூடி உட்கார்ந்திருந்த எனக்கு, பேசுவதற்கு ஓர் ஆள் கிடைத்ததே பெரிய விஷயமாக இருந்தது.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிரான்சிஸ்டர் என்றால் சிலிக்கான் என்றுதான் உலகம் நினைக்கிறது. சிலிக்கானை வளைக்க முடியாது. அதற்குப் பதிலாக, சாயமும் மருந்தும் செய்கிற மாதிரி குடுவையில் சமைத்து எடுக்கிற கரிமப் பொருளைக் கரைத்து, மை மாதிரி பூசி டிரான்சிஸ்டர் செய்ய முடியும். பிளாஸ்டிக் தாளில் பூசலாம், சுருட்டி வைக்கலாம். ஆனால் அந்தப் பொருளுக்குள் மின்னூட்டம் சுலபமாக நகர வேண்டும். எவ்வளவு சுலபமாக நகர்கிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. நகர்திறன் என்று பெயர். எங்கள் துறையில் அந்த ஓர் எண்ணுக்காகத்தான் எல்லாரும் உயிரை விடுகிறோம். அக்கா பொருளைச் செய்வார். நான் அதைப் பூசி, மேலே தங்கம் படியவைத்து, டிரான்சிஸ்டராக்கி, எண்ணை அளந்து சொல்வேன். வெளிச்சம் பட்டால் அளவு கெட்டுவிடும் என்பதால் ஜன்னல் இல்லாத அறையில், விளக்கை அணைத்துவிட்டு, கறுப்புப் பெட்டிக்குள் வைத்து அளக்க வேண்டும். நாள் முழுக்க அந்த இருட்டில் நான் தனியாக உட்கார்ந்திருப்பேன். கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "உசுரோட இருக்கியா?" என்று கேட்கிற ஒரே குரல் அக்காவுடையது.

பதினைந்து வருடம் மற்றவர்களுக்காகக் கரைப்பான் காய்ச்சி வடித்துக்கொடுத்து, குடுவை கழுவி, மாணவர்கள் பாதியில் விட்டுப்போன வினைகளை முடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். எவ்வளவு முரண்டு பிடிக்கிற பொருளும் அக்கா கையில் படிகமாகிவிடும். "சேச்சியுடே கைராசி" என்று பையன்கள் வந்து நிற்பார்கள். அவரும் பெருமையாகக் குடுவையை வாங்கி, லேசாக ஆட்டி, கண்ணாடிக் குச்சியால் ஓரத்தைச் சுரண்டிவிட்டுப் போவார். மறுநாள் காலையில் பார்த்தால் ஊசி ஊசியாகப் பூத்திருக்கும். நாற்பது வயது தாண்டியபின் எங்கள் குழுத் தலைவர், நாங்கள் சார் என்று அழைப்பவர், அவரைப் பிஎச்.டி.க்குப் பதிவு செய்துகொள்ளச் சொன்னார். அன்றைக்கு அக்கா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! கைப்பையிலிருந்து அந்தப் பதிவுக் கடிதத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டார். "டாக்டர்னு போட்டா எங்காத்து வாசல்ல போர்டு வைப்பேன். எங்கம்மா படுத்துண்டே வாசிக்கணும்" என்றார்.

அந்தப் பொருள் முழுக்க அக்காவின் யோசனை. மூலக்கூறின் நடுவில் தட்டையான வளையங்கள், இரண்டு பக்கமும் கரையவைப்பதற்காக ஒட்டிய நீளமான வால்கள். எல்லாரும் வால் கிளைபிரிகிற இடத்தை வளையத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். கரைந்தது, ஆனால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கவில்லை. அக்கா ஒரு நாள் கேன்டீனில் பில்லின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். "பந்தியில ஒக்காரறச்சே முழங்கையை விரிச்சுண்டு ஒக்காந்தா பக்கத்து எலைக்காரன் கிட்ட வர முடியுமோ? அதாக்கும் இங்கே நடக்கறது. கெளையை நாலு கார்பன் தள்ளி வெச்சுப் பாரு. கை மடங்கிடும். நெருக்கி ஒக்காந்துடலாம்." வெளிநாட்டில் பெரிய பெரிய ஆட்கள் இதே முடிவுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. அக்கா அதை அக்ரகாரத்துப் பந்தியிலிருந்து எடுத்தார். எட்டுப் படி வினை. ஒவ்வொன்றும் இரண்டு நாள், மூன்று நாள். கடைசியில் அந்தச் செம்பு நிறப் பொடி வந்தது.

முதல் பேட்ச்சை நான் அளந்த நாள் இப்போதும் கண்முன் நிற்கிறது. டிரான்சிஸ்டரை அளப்பது குழாயைத் திருகுவது மாதிரிதான். ஒரு முனையில் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் மறுபக்கம் மின்னோட்டம் ஏறும். அந்த ஏற்றத்தைக் கோடாக வரைந்து, அதன் சரிவைக் கணக்கிட்டால் நகர்திறன் கிடைக்கும். அன்று வந்த கோடு நேராக இல்லை. கொஞ்சநேரம் ஒன்றுமில்லாமல் கிடந்து, சட்டென்று செங்குத்தாக ஏறி, பிறகு மடங்கி, சாதாரணச் சரிவில் போயிற்று. நான் என்ன செய்தேன்? செங்குத்தாக ஏறிய துண்டின்மேல் கோட்டைப் போட்டேன். பதினொன்று வந்தது. மடங்கியபின் இருந்த துண்டில் போட்டிருந்தால் இரண்டு வந்திருக்கும். அங்கே ஏன் போடவில்லை என்று கேட்டால், அப்போது எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள் என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மையிலேயே பலர் செய்தார்கள். ஆனால் பதினொன்று என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேறு இடத்தில் கோடு போட்டுப் பார்க்க மனசே வரவில்லை.

விளக்கைப் போட்டுவிட்டு முற்றத்தைத் தாண்டி ஓடினேன். அக்கா கையுறையோடு வந்து என் முகத்தைப் பார்த்தார். "எத்தனை?" "பதினொண்ணு." "ஒண்ணா?" "பதினொண்ணு அக்கா, பதினொண்ணு!" அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சார் வந்து கிராஃபைப் பார்த்தார். "கொள்ளாம், கொள்ளாம்" என்று பாராட்டி என் முதுகில் தட்டினார். நடுவிலிருந்த மடக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் அக்கா பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார், ஒரு காய் தனக்கு, ஒரு காய் எனக்கு. கட்டுரை நல்ல இதழில் வந்தது. முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது அக்காவுடையது. பதினொன்று என்ற எண் தலைப்புக்குக் கீழேயே இருந்தது.

அதற்குப் பிறகுதான் எல்லாம். தங்கம் படியவைக்கிற எங்கள் பழைய இயந்திரத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்கினார்கள். தங்கத்துக்கும் பொருளுக்கும் நடுவே மெல்லிய ஆக்சைடு ஒன்றை வைக்கவும் நான் கற்றுக்கொண்டேன். தங்கமும் பொருளும் சேருகிற இடம், தொடுமுனை என்போம், சுத்தமாயிற்று. அக்காவின் இரண்டாவது பேட்ச்சை அளந்தேன். கோடு என்றால் கோடு, அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி. எண் இரண்டு. மூன்றாவது பேட்ச், ஒன்றே முக்கால். நான்காவது, இரண்டு. சார் முகத்தைச் சுருக்கினார். பொருளில் அழுக்கு இருக்கிறது, வினையூக்கியின் உலோகம் தங்கிவிட்டிருக்கிறது, சேச்சி இன்னும் சுத்தம் செய்யட்டும் என்றார். முதலில் வந்த பதினொன்றைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை. அச்சில் வந்துவிட்ட எண் அல்லவா! அதே எண்ணைத் திரும்பக் கொண்டுவராமல் தீசிஸ் கொடுக்கக் கூடாது என்று சார் அக்காவிடம் சொல்லிவிட்டார்.

அக்கா சுத்தம் செய்தார். வடிகட்டினார், மறுபடி படிகமாக்கினார், வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்தார். கரைப்பானை மாற்றினார். கண்ணாடிச் சாமான்களை மாற்றினார். தை மாதத்தில் காற்று கொஞ்சம் உலர்ந்திருக்கும் என்று காத்திருந்து செய்தார். முதல் பேட்ச் செய்தபோது கட்டியிருந்த அதே நீலப் புடவையைக் கட்டிக்கொண்டுகூட ஒரு முறை வந்தார். "சிரிக்காதே, கேட்டயா. எதுன்னு தெரியலையே" என்றார். நான் சிரித்தேன். இரண்டுதான் வந்தது.

பத்தாவது பேட்ச்சுக்குப் பிறகு ஒரு மத்தியானம் எனக்குள் ஏதோ இடறிற்று. அலமாரியின் மூலையில் முதல் பேட்ச்சின் மிச்சம், குப்பியின் அடியில் ஒட்டிக்கொண்டு இருந்தது. அதை எடுத்துக் கரைத்து, புதிய தொடுமுனை வைத்து டிரான்சிஸ்டர் செய்தேன். பெட்டியை மூடி விளக்கை அணைத்தேன். கோடு நேராக ஏறியது. எண் இரண்டு. பழைய இயந்திரத்தில் தொடுமுனை மோசம். துருப்பிடித்த குழாயைத் திருகினால் முதலில் ஒன்றும் வராது, பிறகு சீறிக்கொண்டு வரும். அந்தச் சீறலை வைத்து டாங்கில் எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டவன் நான். பதினொன்று என்று ஒன்று இருந்ததே இல்லை. அக்காவின் பொருள் முதல் நாளிலிருந்தே இரண்டுதான்.

அன்றைக்கே முற்றத்தைத் தாண்டிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்பு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருந்தது. அந்தப் பதினொன்றைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். விசா வரட்டும், சொல்லலாம் என்று நினைத்தேன். விசா வந்தது. போய்ச் சேர்ந்து நிலையாக உட்கார்ந்தபின் எழுதலாம் என்று நினைத்தேன். என் மனசுக்கு நானே இப்படிச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் அக்கா ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் கொண்டுவந்து கொடுத்தார். "நீ திரும்பி வந்து அளக்கணும்டா. இப்போ இருக்கிற பசங்க அளக்கறது நேக்கு நம்பிக்கை இல்லே. நீ அளந்தா சரியா வரும்" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பாட்டிலை வாங்கிக்கொண்டேன்.

அங்கே பனி கொட்டுகிற ஊரில், அறையில் தனியாக உட்கார்ந்து அக்காவின் மின்னஞ்சல்களை வாசித்தேன். மலையாளத்திலும் தமிழிலும் எழுத அலுப்பு என்று ஆங்கிலத்தில்தான் எழுதுவார், நாலே வரி. பத்தொன்பதாவது பேட்ச் இரண்டு. இருபத்தேழாவது பேட்ச் இரண்டு. ஏதாவது யோசனை உண்டா? இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். நான் யோசனை சொன்னேன். கரைப்பானை மாற்றிப் பாருங்கள் என்று எழுதினேன். இன்னும் மெதுவாகக் குளிரவையுங்கள் என்று எழுதினேன். தெரியாதவன் சொல்வது வேறு. தெரிந்துகொண்டே ஒருவரை மாதக்கணக்கில் அடுப்படியில் நிற்கவைத்த பாவி நான். ஒவ்வொரு யோசனைக்கும் அவர் நன்றி எழுதினார்.

முப்பத்தைந்தாவது பேட்ச்சுக்குப் பிறகு அவர் வேறு மாதிரி எழுத ஆரம்பித்தார். பையன்கள் குடுவையைக் கொண்டுவந்து நீட்டினால் இப்போது தொடுவதில்லை என்று எழுதினார். கைராசி போய்விட்டது, தன் கை பட்டால் அவர்களுடையதும் கெட்டுவிடும் என்று பயமாக இருக்கிறது என்று எழுதினார். அம்மா தவறிப்போனதை ஒரே வரியில் எழுதினார். கடைசியாக வந்த மின்னஞ்சலில், நாற்பத்தொன்றாவது பேட்ச் இரண்டு, லேப்பிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன், சாரும் ஓய்வுபெற்றுவிட்டார், பதிவு காலாவதியாகிவிட்டது என்று இருந்தது. அதற்கு நான் பதில் எழுதவில்லை.

திரும்பி வந்தேன். இதே ஊரில் எனக்கு வேலை கிடைத்தது, சொந்தமாக லேப், மாணவர்கள், கதவில் பெயர்ப்பலகை. கரமனை ஆற்றோரம் ஒரு பிளாட்டில் இருக்கிறேன். மனைவி வேலை நிமித்தம் பெங்களூரில், மகளும் அங்கேதான் படிக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லை. வலியசாலை அங்கிருந்து நடந்து போகிற தூரம். ஏழு வருடத்தில் ஒரு நாள்கூடப் போகவில்லை. ஒருமுறை கிழக்கேகோட்டை பஸ்ஸில் முன்பக்கம் அக்கா நிற்பதைப் பார்த்தேன். தலை பாதி நரைத்து, கையில் மருந்துக்கடைப் பொட்டலம். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மழையில் நனைந்துகொண்டு நடந்தேன். அந்த அளவுக்குக் கோழை.

போன ஆடி மாதம் என் மாணவி ஒருத்தி கிராஃப் ஒன்றைக் கொண்டுவந்தாள். நடுவில் மடக்கு. செங்குத்தில் கோடு. எண் ஒன்பது என்று கண்ணெல்லாம் பளபளக்க நின்றாள். நான் எகிறிவிட்டேன். இந்த மடக்கு கண்ணுக்குத் தெரியவில்லையா, இது பொருளின் குணமா, தொடுமுனையின் கோளாறா, இதுகூடப் பார்க்காமல் என்ன ஆராய்ச்சி என்று கத்தினேன். அவள் பயந்துகொண்டே, மலையாளத்தில் மெதுவாகக் கேட்டாள். "சாரின்டே ஆத்யத்தே பேப்பரிலும் இதுபோலே ஒரு வளைவு உண்டல்லோ சார்?" என்னுடைய முதல் கட்டுரையிலும் இதே வளைவு இருக்கிறதே என்கிறாள். வேண்டுமென்று குத்தவில்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்டாள். உண்டு என்றேன். அவளைப் போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பழைய கட்டுரையை எடுத்தேன். அந்த வாரமே இதழுக்குத் திருத்தக் கடிதம் எழுதினேன். அனுப்புவதற்கு முன் அக்காவிடம் காட்ட வேண்டும். இரண்டாவது பெயர் அவருடையது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். கதவைத் திறந்தவர் ஒரு கணம் பார்த்தார். "அட, நீயா! உசுரோட இருக்கியா?" என்றார். உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார். ஸ்டோர்ஸிலிருந்தும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாராம். வீட்டில் அவர் மட்டும்தான். டிவியில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சுக்குரல் கேட்கட்டும் என்று போட்டு வைப்பது வழக்கம் என்றார், அணைத்தார். காப்பி போடப் போனவரை, "இருங்க அக்கா, மொதல்ல ஒண்ணு சொல்லணும்" என்று நிறுத்தினேன்.

சொன்னேன். மடக்கு, தொடுமுனை, செங்குத்தில் போட்ட கோடு, முதல் பேட்ச்சின் மிச்சத்தை எடுத்து அளந்தது, எல்லாம். முடித்ததும் அக்கா கேட்டார்.

"அப்போ மொதல் பேட்ச்சும் ரெண்டுதானா?"

"ஆமாக்கா. ரெண்டுதான்."

"பத்தாவதும் ரெண்டு. இருபத்தேழும் ரெண்டு."

"ஆமா."

"மொதல்ல பண்ணினதையேதான் கடைசி வரைக்கும் பண்ணிருக்கேனா?" அவர் குரல் ஏறியது. "நாப்பத்தொரு தடவையுமா? ஒரு தடவைகூட கெடலையா?"

"கெடல அக்கா. ஒரு தடவகூட இல்ல."

அவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எழுந்து அந்தச் சின்னக் கூடத்தில் அங்கும் இங்கும் நடந்தார். எட்டுப் படி வினை, நாற்பத்தொரு தடவை, காலுக்கு மேல் வித்தியாசமில்லை, எந்தக் கொம்பனால் முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். திட்டுவார், அழுவார் என்றெல்லாம் நினைத்துத்தான் போயிருந்தேன். இப்படிச் சந்தோஷப்படுவார் என்று நினைக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

கடிதத்தைக் கேட்டு வாங்கினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். "இதுல ஒண்ணு விட்டுட்டே" என்றார். "எண் தப்புன்னு எழுதிருக்கே, சரி. இந்தப் பொருளை நாப்பத்தொரு தடவை பண்ணினதுன்னும் ஒவ்வொரு தடவையும் ஒண்ணுபோல வந்ததுன்னும் எழுது. யார் பண்ணினான்னும் எழுது." பேனாவை எடுத்து அங்கேயே எழுதினேன். முழுப்பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். எழுதியதை வாங்கி மறுபடியும் படித்தார். பிறகு காப்பி கொடுத்தார். குடித்தேன். தீசிஸை இப்போதுகூட வேறு இடத்தில் பதிவு செய்து கொடுக்கலாம், நான் எல்லா உதவியும் செய்கிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

வாசல் வரை வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நோக்கு இது எப்போடா தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த மாணவி கேட்டபோதுதான் தெரிந்தது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

"பத்தாவது பேட்ச்சப்பமே தெரியும் அக்கா. வெளிநாடு போறதுக்கு முன்னாடியே."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. மெல்ல மெல்லத்தான் போயிற்று. மனசுக்குள் எதையோ கூட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பதினொன்றாவது பேட்ச்சிலிருந்து நாற்பத்தொன்றாவது வரை முப்பத்தொரு பேட்ச், என் யோசனைகள், அவர் எழுதிய நன்றிகள், பையன்களின் குடுவையைத் தொடாமல் இருந்தது, ஸ்டோர்ஸ் கவுன்டர், அம்மா. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்தக் காலத்துல ரெண்டுங்கறது சின்ன நம்பர் இல்லே" என்றார். கோபமே இல்லாத குரல். "ரெண்டுன்னே எழுதிக் கொடுத்திருப்பேன். பாஸாயிருக்கும். அம்மாவும் அப்போ உசுரோட இருந்தாளே." கதவுப் பக்கம் திரும்பினார். "ரெண்டே போறுமாயிருந்ததேடா நேக்கு."

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் தெருவில் இறங்குவதற்குள் டிவியில் யாரோ பேசுகிற சத்தம் மறுபடியும் கேட்க ஆரம்பித்தது.